மைனஸ் ஐம்பது

கணினி மைனஸ் ஐம்பது என்று சொன்னபோது நான் முதலில் சந்தேகப்பட்டது என் விரலைத்தான். எங்கேயோ தவறான கட்டத்தில் தட்டியிருக்க வேண்டும் என்று பதினான்கு கேள்வித்தாள்களையும் மறுபடி எடுத்து, ஒவ்வொன்றாகப் படித்து ஏற்றினேன். மறுபடியும் மைனஸ் ஐம்பது. மூன்றாம் முறை ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏற்றினேன். கணினிக்கு என் மேல் இரக்கம் வருவதாகத் தெரியவில்லை.

வடக்கே க்ரோனிங்கன் மாகாணத்தில் வின்ஸ்கோத்தன் என்ற ஊரில், கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் பட்டறை. தூக்கிப்போட்ட வாஷிங் மெஷின்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிறோம். பெயரே ‘டிரம்’தான். பல வருஷம் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தவர்கள்தான் இங்கே வேலை செய்பவர்கள். உத்ரெக்த்தில் உள்ள ஓர் அறக்கட்டளை மூன்று வருஷத்துக்குச் செலவை ஏற்றுக்கொண்டது. அது முடியும்போது சமூகத் தாக்க அறிக்கை என்று ஒன்று கொடுக்க வேண்டும். பூமிக்கு என்ன நல்லது செய்தோம், மனிதர்களுக்கு என்ன நல்லது செய்தோம், இரண்டையும் எண்ணாகக் காட்ட வேண்டும். எண் சரியாக இருந்தால் இன்னும் மூன்று வருஷம். பூஜ்யத்துக்குக் கீழே போனால் இழுத்து மூட வேண்டியதுதான். அந்த அறிக்கையை எழுதத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை.

பூமி விஷயம் பிரச்சினையே இல்லை. ஆயிரத்து நூற்று நாற்பது மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போகாமல் காப்பாற்றியிருக்கிறோம். மிச்சமான இரும்பு எவ்வளவு, புகை எவ்வளவு என்று ஏற்றியதும் திரையில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. மனிதர்கள் பகுதிக்கு ஒரே ஒரு கேள்விதான். ‘இந்த இடத்தை உங்கள் நண்பர் ஒருவருக்கு எந்த அளவுக்குப் பரிந்துரைப்பீர்கள்? பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் எண் எழுதவும்.’

தாள்களை வாங்கியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு பேர் ஆறு என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் ஆறரை. நான்கு பேர் ஏழு. யுரி எட்டு போட்டு, அப்புறம் அதிகமாகப் போய்விட்டது என்று பயந்தோ என்னவோ, பக்கத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறியும் போட்டிருந்தான். பத்து ஒன்றே ஒன்று. அதைப் போட்டவன் ஹூப். தெற்கே லிம்பர்க் பக்கத்து ஆள், மூன்றே நாள் வேலைக்கு வந்தான், ஒரு பெண்ணைப் பிடித்துப்போய் அவள் பின்னாலேயே ஊரைவிட்டுப் போய்விட்டான். பத்துக்குப் பக்கத்தில் ஒரு பூ வேறு வரைந்திருந்தான். அவனைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் ஒருத்தர்கூட ஃபெயில் போடவில்லை. ‘பிரமாதம்’ என்று நான் ரூல்ஃபீனிடம் போய்ச் சொன்னேன். ரூல்ஃபீன்தான் பட்டறையை நடத்துகிற அம்மா.

உத்ரெக்த்துக்காரர்களின் கணக்கு வேறு என்று எனக்கு அப்போது தெரியாது. ஒன்பதும் பத்தும் போட்டவர்களை மட்டும் அவர்கள் பிளஸ்ஸில் சேர்க்கிறார்கள். ஏழும் எட்டும் கணக்கிலேயே வராது. ஆறும் அதற்குக் கீழும் போட்டவர்கள் எல்லாரும் மைனஸ். ஆறரைக்கு அங்கே இடமில்லை, அதை ஆறாக்கிவிடுகிறார்கள். ஆகப் பதினான்கு பேரில் எட்டுப் பேர் மைனஸ், பூ வரைந்த ஹூப் ஒருவன் மட்டும் பிளஸ். மெஷின்களுக்கு நல்லது செய்து மனிதர்களைக் கெடுத்திருக்கிறோம் என்று அறிக்கை சொன்னது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவேளை அதுதான் உண்மையோ? மூன்று வருஷமாக நான் பார்த்ததெல்லாம் என் கற்பனையோ? மாடிப்படிக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பதின்மூன்று பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் இங்கே யார்தான் வேலை செய்யும்போது சிரிக்கிறார்கள்?

என் கண் தம்மோவிடம் போய் நின்றது. ஐம்பத்தெட்டு வயது. வைக்கோல் அட்டை ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஆலை மூடியதை அவர் மனைவி வியாவிடம் சொல்லவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு ரொட்டி டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பி, கால்வாய் ஓரத்தில் காரை நிறுத்தி, உள்ளேயே நாலு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போவாராம். இன்றைக்கு வேலை எப்படி என்று வியா கேட்டால், வழக்கம்போலத்தான் என்பாராம். பதினோரு மாதம். வியா ஒருநாள் ஏதோ அவசரத்துக்கு ஆலைக்குப் போன் செய்து, இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இதெல்லாம் வியா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இங்கே சேர்ந்த பிறகு தம்மோ ஒருநாள்கூட லீவு போட்டதில்லை. பட்டறை போய்விட்டால் இந்த வயதில் அவரை யார் எடுப்பார்கள்? திரும்பவும் அந்தக் கார்தான். அந்த தம்மோ போட்டிருந்த எண், ஆறு.

ரூல்ஃபீனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு மோட்டாரின் பெல்ட்டை மாட்டிக்கொண்டே கேட்டார். முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“என்ன பொண்ணே சொல்ற? ஆறுன்னா பாஸுதானே?”

“நமக்கு பாஸ். அவங்களுக்கு மைனஸ்.”

“பாஸ் எப்படி மைனஸ் ஆகும்?”

எனக்கு மட்டும் தெரியுமா என்ன? ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு ஒருத்தர் ஆறு பாஸா ஃபெயிலா என்று பாடம் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறு வாங்கினால் அடுத்த வகுப்பு. ஏழு வாங்கினால் வீட்டில் ஒரு தடவை தலையை ஆட்டுவார்கள். எட்டு வாங்கிய பிள்ளையைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பத்து என்பது அச்சடித்த தாளில் மட்டும்தான் உண்டு, அதை வாங்கியவரை நான் பார்த்ததில்லை. அதிலும் எங்கள் க்ரோனிங்கன் பக்கம் இன்னும் கஞ்சம். நல்ல சாப்பாடு, நல்ல மாப்பிள்ளை, நல்ல சாவு, எதைக் கேட்டாலும் ‘இதைவிட மோசமா இருந்திருக்கலாம்’ என்பார்கள். அதுவே பெரிய பாராட்டு.

அறக்கட்டளையில் எங்களைக் கவனிக்கிறவன் ஃப்ளோரிஸ் என்ற இளைஞன். அவனுக்குப் போன் போட்டு இதையெல்லாம் விளக்கினேன். பாவம், பொறுமையாகக் கேட்டான். எல்லா ஊரிலும் இதையேதான் சொல்கிறார்கள் என்றான். ஊருக்கு ஒரு கணக்கு வைத்தால் எந்த ஊரையும் எந்த ஊரோடும் ஒப்பிட முடியாது என்றான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அவன் பேசும்போது அவன் பக்கம் சரியாக இருக்கிறது, போனை வைத்ததும் என் பக்கம் சரியாக இருக்கிறது. இதுதான் என்னைக் குழப்பியது.

கடைசியில் அவன் ஒரு வழி சொன்னான். மக்கள் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஒரே ஒரு தடவை மறுபடி கேட்கலாம். கணக்கு முறையை விளக்கலாம், என்ன எண் போட வேண்டும் என்று சொல்லக் கூடாது. அடுத்த வெள்ளிக்கிழமை அவனே நேரில் வருவான். சீட்டுக் குலுக்கி ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து, எழுதிய எண் உண்மையா என்று முகத்துக்கு நேராகக் கேட்பான். ஆமாம் என்றால் புதிய கணக்கு. இல்லையென்றால் பழைய மைனஸ் ஐம்பதுதான்.

மறுநாள் பத்து மணிக் காப்பிக்கு எல்லாரும் கூடியபோது விளக்கினேன். ஆளுக்கு ஒரு கோப்பை, ஒரு பிஸ்கட். நான் பேசி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். பொய் எழுதச் சொல்கிறாயா என்றார் ஒருவர். ஒன்பது போட்டால் உத்ரெக்த்துக்காரன் நம்மைப் பீற்றல் பேர்வழிகள் என்று நினைக்க மாட்டானா என்றார் இன்னொருவர். தன்னுடைய எட்டு எந்தப் பக்கமும் சேராது என்று கேட்டதும் யுரியின் முகம் தொங்கிப்போனது. அதற்காக ஒருநாள் முழுக்க யோசித்தானாம்.

தம்மோ பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“ஒம்பதுன்னா இங்க சரிபண்ண இனிமே ஒண்ணுமில்லன்னு அர்த்தம். கக்கூஸ் கதவு இன்னும் சாத்த மாட்டேங்குது.”

“கதவ விடு தம்மோ,” என்றேன். “இந்த எடம் ஒனக்கு எவ்வளவு வேணும்? அத எழுது.”

“அத எதுக்கு எழுதணும்? தினமும் வரேன்ல.”

மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். கோபம் கோபமாக வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. இவ்வளவு பிடிவாதமா இந்த ஊருக்கு என்று தோன்றியது. வாய்விட்டு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்? அந்த வேகத்தில் வெற்றுத் தாள் ஒன்றை எடுத்தேன். ஒன்பது போடுவது அப்படி என்ன கஷ்டம், நானே போட்டுக் காட்டுகிறேன் என்று பேனாவைத் திறந்தேன். இந்தப் பட்டறைக்காக நான் யாரோடு வேண்டுமானாலும் மல்லுக்கு நிற்பேன். தாளைப் பார்த்தால் ஏழு எழுதியிருந்தேன்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது என் கணவர் சீர்த்திடம் நம் கல்யாண வாழ்க்கைக்கு எத்தனை மார்க் போடுவாய் என்று கேட்டேன். உருளைக்கிழங்கை மென்றுகொண்டே யோசித்தார். ஏழு, நல்ல ஏழு என்றார். எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. பாத்திரம் கழுவும்போதுதான், உத்ரெக்த் கணக்கில் இருபத்தேழு வருஷ வாழ்க்கை பூஜ்யம் என்று உறைத்தது.

அந்த வாரம் முழுக்கக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. ஆறு என்று எழுதினால் எங்களுக்கு உண்மை, அங்கே போய்ச் சேரும்போது பொய். ஒன்பது என்று எழுதினால் எங்களுக்குப் பொய், அங்கே போய்ச் சேரும்போது உண்மை. அப்படியானால் நான் அவர்களிடம் கேட்பது பொய்யையா, உண்மையையா? மூன்று வருஷமாக அளப்பதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கே இது தெரியவில்லை.

வியாழக்கிழமைக்குள் தாள்கள் ஒவ்வொன்றாக வந்தன. ரூல்ஃபீன் தனித்தனியாகப் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன், நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒன்பது, ஒன்பது, பத்து, ஒன்பது. எல்லாரும் ஏதோ செய்யக் கூடாததைச் செய்ததுபோலத் தாளைக் குப்புற வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். தம்மோ தன் தாளை வீட்டுக்கு எடுத்துப்போனவர், கடைசி ஆளாகக் கொண்டுவந்து கொடுத்தார். மற்றவர்கள் பேனாவில் எழுதியிருந்தார்கள். அவர் பென்சிலில் எழுதியிருந்தார், மெல்லிசாக. ஒன்பதுதான்.

ஏற்றினேன். பிளஸ் நூறு. மைனஸ் ஐம்பதைப் பார்த்தபோதுகூட நான் இவ்வளவு கூச்சப்படவில்லை. பிளஸ் நூறு வாங்க நாங்கள் என்ன சொர்க்கமா நடத்துகிறோம்? கதவு சாத்தாத சொர்க்கம். ஆனாலும் பச்சை விளக்கு எரிந்தது, பட்டறை பிழைத்துவிடும் என்று தோன்றியது. அன்றைக்கு அதுவே போதும் என்று கணினியை மூடினேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஃப்ளோரிஸ் வந்தான். நேரில் பார்த்தால் நல்ல பையன். மழையில் நனைந்த ஷூவை வாசலிலேயே நன்றாகத் துடைத்துவிட்டு வந்தான், எல்லாருக்கும் கை கொடுத்தான், ஒரு பிஸ்கட்டுக்கு மேல் எடுக்கவில்லை. அந்தப் பழக்கம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஊரில் இருந்த பதின்மூன்று பேரின் பெயரையும் எழுதி, காலி பிஸ்கட் டப்பாவில் போட்டு, ரூல்ஃபீனையே எடுக்கச் சொன்னான். ரூல்ஃபீன் சீட்டைப் பிரித்தார். படிக்காமல் என்னிடம் நீட்டினார். தம்மோ என்று இருந்தது.

தனியறை எதுவும் கிடையாது. தம்மோ தன் மேஜையிலேயே இருந்தார். எதிரில் ஒரு மெஷின் பாதி பிரித்தபடி கிடந்தது. ஃப்ளோரிஸ் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். மற்றவர்கள் வேலை செய்வதுபோல நின்றிருந்தார்கள், ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. இந்த ஒரு பதிலில் என்ன இருக்கிறது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். தம்மோவுக்கும் தெரியும்.

“தம்மோ, நீங்க ஒன்பதுன்னு எழுதியிருக்கீங்க,” என்றான் ஃப்ளோரிஸ். “உங்க மனசுல இருக்கற நம்பர் இதுதானா?”

தம்மோ ஒரு துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பத்து விரல்களும் முடிந்தன. ஆமாம் என்று சொல், ஒரே ஒரு வார்த்தை, அப்புறம் வாழ்நாள் முழுக்க எதற்கும் ஆறு போட்டுக்கொள் என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

“இல்ல,” என்றார்.

ரூல்ஃபீன் கண்ணை மூடிக்கொண்டார்.

“வேலை விஷயத்துல ஒரு தடவ பொய் சொல்லியிருக்கேன் தம்பி. பதினோரு மாசம். இன்னொரு தடவ என்னால முடியாது.”

ஃப்ளோரிஸுக்கு அது புரியவில்லை, புரிய நியாயமும் இல்லை. ஆனால் குரலைத் தணித்துக்கொண்டுதான் கேட்டான்.

“பரவாயில்ல. அப்ப உண்மையான நம்பர் என்ன? முன்னாடி எழுதின ஆறா?”

தம்மோ பிரித்துப் போட்டிருந்த மெஷினைப் பார்த்தார். யுரியைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார், கடைசியாக ரூல்ஃபீனைப் பார்த்தார். காதுவரை சிவந்துபோய், நாலு பேர் நடுவில் சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல நெளிந்தார்.

“ஏழு,” என்றார்.

யாரோ கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாக மேஜைமேல் வைத்தார்கள். யுரி தொப்பியைக் கழற்றிவிட்டு, ஏன் கழற்றினோம் என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ரூல்ஃபீன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், அவருடைய தோள் குலுங்கியது. இருபது வருஷமாக அவரைத் தெரியும், அவர் அழுது நான் பார்த்ததில்லை. என் கண்ணிலும் தண்ணீர் முட்டியது. சந்தோஷத்திலா துக்கத்திலா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. மகள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டதற்கு ‘ஒப்பேறிடுச்சு’ என்று மட்டும் சொன்ன மனிதர். எல்லாரும் கேட்க, ஏழு என்று சொல்லிவிட்டார்.

ஃப்ளோரிஸ் கையிலிருந்த திரையில் எதையோ தட்டினான். எண் பொருந்தவில்லை, அதனால் முதல் கணக்குதான் நிற்கும் என்று சொன்னான். அவனுக்கே அது வருத்தமாக இருந்தது. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறது, பொருள்களை விற்க அறக்கட்டளை உதவும் என்றெல்லாம் சொன்னான். ரூல்ஃபீன் மூக்கைச் சிந்திவிட்டு வந்து, அவனுக்குக் கை கொடுத்து, பார்த்துப் போ தம்பி, பாலத்துக்குக் கிட்ட வழுக்கும் என்றார். தம்மோ ஏற்கெனவே குனிந்துவிட்டார். மூன்று மணிக்கு அந்த மெஷினை வாங்க ஆள் வருவதாக இருந்தது.

நான் குடையை எடுத்துக்கொண்டு ஃப்ளோரிஸைக் கார்வரை கொண்டுவிடப் போனேன். கார்க் கதவைத் திறந்தவன் உள்ளே ஏறாமல் நின்றான். நிஜமாகவே குழம்பியிருந்தான்.

“ஒண்ணு கேக்கலாமா ஹில்லி? அந்தம்மா ஏன் அழுதாங்க? மூடப்போறாங்கன்னா?”

“அதுக்கு இல்ல,” என்றேன். “அவரு ஏழுன்னாரு.”

“ஆமா,” என்றான். “குறிச்சிக்கிட்டேனே.”

நான் நம்பவில்லை என்று நினைத்தானோ என்னவோ, திரையை என் பக்கம் திருப்பி, மழைத்துளியைச் சட்டைக் கையால் துடைத்துக் காட்டினான். தம்மோ என்ற பெயருக்கு நேராக ஏழு என்று இருந்தது. சரியாகத்தான் குறித்திருந்தான்.